காலேஜ் கண்ணாடில பறவை மோதாம இருக்க என்ன செய்யணும்: ஆரம்பத்துலேர்ந்து ஒரு முழு வழிகாட்டி

எங்க காலேஜ் லைப்ரரி பின்பக்க ஜன்னல்ல ஒருநாள் காலைல ஒரு பறவையோட அச்சு இருந்துச்சு. விரிச்ச ரெண்டு ரெக்கை, நடுவுல நெஞ்சு, தலை ஒரு பக்கமா சாஞ்சது வரைக்கும் தெரியுது, திருநீறுல கை வெச்சு செவுத்துல பதிச்ச மாதிரி சாம்பல் கலர்ல. புறா ஜாதிக்கு இறகுல மெல்லிசா ஒரு பொடி இருக்கும், வேகமா மோதுனா அந்தப் பொடி அப்படியே கண்ணாடில ஒட்டிக்கும். கீழ செம்பருத்தி ஓரத்துல ஒரு மரகதப்புறா கெடந்துச்சு, முதுகுப் பச்சை அப்பவும் மின்னுது, அலகு செவப்பு, கைல எடுத்தா உடம்புல சூடு இருக்கு. நம்ம தமிழ்நாட்டோட மாநிலப் பறவை அது. மலையடிவாரத்துல இருக்கற காலேஜ்னால எங்களுக்கு இது அடிக்கடி கண்ணுல படும், ஆனா கிட்டக்க பாத்தது அன்னிக்குத்தான்.

நான் லேப் அசிஸ்டன்ட், பறவையப் பத்தி படிச்சு வந்தவன் இல்ல. அன்னிலேர்ந்து தேடிப் படிச்சதும், நாங்க செஞ்சு பாத்ததும், தப்பா செஞ்சு திருத்தினதும் எல்லாத்தையும் இங்க எழுதுறேன், உங்க காலேஜ்லயோ யுனிவர்சிட்டிலயோ இதே பிரச்சனை இருந்தா (கண்ணாடி பில்டிங்கும் பக்கத்துல மரமும் இருந்தா கண்டிப்பா இருக்கும்) ஆரம்பத்துலேர்ந்து நீங்களும் தடுமாற வேண்டாம்னுதான்.

ஏன் மோதுது

பறவைக்கு கண்ணாடின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. மரம் தெரியுது, வானம் தெரியுது, அங்க போகுது, அவ்ளோதான். நாம கதவு நிலை, ஜன்னல் ஃபிரேம், கைரேகை அழுக்கு இதையெல்லாம் வெச்சு "ஓ கண்ணாடி"ன்னு புரிஞ்சுக்கறோம், நாமளே சில சமயம் மால்ல போய் முட்டிக்கறோம் இல்லயா. கட்டட வேலை நடக்கற எடத்துல புதுக் கண்ணாடில சுண்ணாம்புல பெருக்கல் குறி போட்டு வெப்பாங்களே, அது ஆளுங்க முட்டிக்கக் கூடாதுன்னுதான். அதே வேலைய பறவைக்கு செய்யறோம், மொத்த விஷயமும் இதுதான்.

மோதற வகை ரெண்டு. ஒண்ணு பிரதிபலிப்பு: வெளில இருக்கற புங்க மரம் கண்ணாடிக்குள்ள இன்னொரு புங்க மரமா தெரியும். ரெண்டாவது ஊடுருவித் தெரியறது: ரெண்டு பிளாக்க இணைக்கற கண்ணாடி காரிடார், ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கற மூலை, இங்கெல்லாம் அந்தப் பக்கத்து மரம் நேரா தெரியும், நடுவுல வழி இருக்குன்னு நெனச்சு அது முழு வேகத்துல வரும். மரகதப்புறா காட்டுக்குள்ள தாழ்வா, நேரா, ரொம்ப வேகமா பறக்கற ஜாதி, அதான் அதுக்கு அடி பலமா விழுது.

உயரமான டவருங்கதான் பிரச்சனைன்னு நானும் நெனச்சேன். அமெரிக்காவுல 2014ல ஒரு பெரிய கணக்கு வந்துச்சு, அந்த ஒரு நாட்டுல மட்டும் வருஷத்துக்கு 36.5 கோடிலேர்ந்து 98.8 கோடி பறவை வரைக்கும் கண்ணாடில மோதி சாகுதுன்னு, அதுல வானத்த முட்டற கட்டடங்களோட பங்கு நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல, பாதிக்கு மேல 4 மாடிலேர்ந்து 11 மாடி வரைக்கும் இருக்கற கட்டடங்கள்ல. ஒவ்வொரு டவரும் தனியா பாத்தா நிறையத்தான் கொல்லுது, ஆனா எண்ணிக்கைல கொஞ்சம். நம்ம அட்மின் பிளாக், லைப்ரரி, ஆடிட்டோரியம் இதெல்லாம் அந்த நடு உயரத்துலயும் அதுக்குக் கீழயும்தான் வருது.

அதே 2014ல இன்னொரு வேலை நடந்துச்சு, வட அமெரிக்காவுல 40 இடங்கள்ல, முக்கியமா காலேஜ், யுனிவர்சிட்டி வளாகங்கள்ல, 281 கட்டடங்கள சுத்தி நடந்து செத்த பறவைய எண்ணினாங்க, மாணவர்களும் வாத்தியாருங்களும் சேந்து செஞ்ச வேலை. பெரிய கட்டடம்னா சாவு அதிகம்ங்கறது எதிர்பாத்ததுதான், ஆனா அந்தப் பெரிய கட்டடம் ஊருக்கு வெளில, பச்சை நிறைய இருக்கற எடத்துல இருந்தா இன்னும் அதிகம்னு தெரிஞ்சுது. ஊருக்கு வெளில, மலையோரம், நூறு ஏக்கர் எடம், நடுவுல கண்ணாடி மாளிகை: நம்ம ஊரு காலேஜுங்க அப்படியே கண்ணு முன்னாடி வருதா?

முதல் வேலை: கூட்டற அக்காகிட்ட கேளுங்க

இதச் செய்யாம வேற எதையும் ஆரம்பிக்காதீங்க. நான் ஒரு மாசம் கழிச்சுத்தான் கேட்டேன், அதுக்காக இப்பவும் வருத்தம் இருக்கு. காலைல ஆறு மணிக்கு கட்டடத்த சுத்திக் கூட்டறது ஹவுஸ்கீப்பிங் அக்காங்கதான், நாம ஒன்பது மணிக்கு வரும்போது அவங்க எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருப்பாங்க, அதனாலதான் "நம்ம காலேஜ்ல அப்படியெல்லாம் இல்லையே"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் போய் கேட்டப்ப அந்த அக்கா வெளக்கமாத்த சாச்சு வெச்சுட்டு என்னை நேரா கூட்டிட்டுப் போய் காட்டுனாங்க. "ஏங்கண்ணு, இந்த சன்னலு, அப்பறம் அந்தப் படிக்கட்டுக் கண்ணாடி, இந்த ரெண்டுலதான் உளுகும். அந்தப் பக்கம் அத்தன கண்ணாடி இருக்குது, ஒருநாளும் பாத்ததில்ல."

அவங்க சொன்னது அப்படியே சரி. எல்லாக் கண்ணாடியும் கொல்றதில்ல, ஒரு பில்டிங்ல சில கண்ணாடிதான் பெரும்பாலான சாவுக்குக் காரணம். அதக் கண்டுபுடிச்சா பாதி வேலை முடிஞ்சுது, செலவும் நல்லாவே குறையும். செக்யூரிட்டி அண்ணாங்க, தோட்டக்காரர், கேன்டீன்ல அதிகாலைல வர்றவங்க, இவங்க எல்லார்கிட்டயும் கேளுங்க. அந்த அக்காகிட்ட ஒரு உதவியும் கேளுங்க: பறவை கெடந்தா அள்ளறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

ரெண்டாவது: சுத்தி நடந்து எண்ணுங்க

ஆள் கேட்டுத் தெரிஞ்சது வேற, நிர்வாகத்துகிட்ட காட்டறதுக்கு கணக்கு வேற. தினமும் ஒரே நேரத்துல, ஒரே வழியில, கட்டடத்த ஒட்டி ரெண்டு மீட்டருக்குள்ள மெதுவா நடக்கணும். முதல் நாள் பழைய இறகு, எலும்பு எல்லாத்தையும் எடுத்து எடத்த சுத்தம் பண்ணிடுங்க, அப்பத்தான் அடுத்த நாள் கெடைக்கறது புதுசுன்னு தெரியும். குறைஞ்சது மூணு வாரம் விடாம செய்யணும், வலசை காலத்துல (பறவைங்க எடம் விட்டு எடம் பறந்து போற சீசன்ல) செஞ்சா நல்லது. செடி புதர் அடியில, ஏசி அவுட்டோர் யூனிட் பின்னாடி, போர்ட்டிகோ மேல் தளத்துல கூட பாக்கணும், அங்க விழுந்தத யாரும் பாக்கறதே இல்ல.

எழுத வேண்டியது: தேதி, நேரம், எந்தக் கண்ணாடி (ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு நம்பர் குடுத்துடுங்க), என்ன பறவை, உயிரோட இருக்கா செத்துடுச்சா, போட்டோ. கண்ணாடில இருக்கற அச்சு, ஒட்டியிருக்கற சின்ன இறகு, இதுவும் கணக்குல சேரும். என்ன பறவைன்னு தெரியலன்னா ஐநேச்சுரலிஸ்ட்னு உயிரினங்கள அடையாளம் கண்டுபுடிக்கற ஒரு வெப்சைட் இருக்கு, அதுல போட்டோ போடுங்க, தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. எதுவும் கெடைக்காத நாளையும் "இல்லை"ன்னு எழுதணும், நிறைய பேர் இத விட்டுடறாங்க, அப்பறம் எத்தன நாள் நடந்தோம்னே தெரியாது.

நீங்க எண்ணறது எப்பவுமே குறைச்சல்தான் இருக்கும். பூனை, கீரி, காக்கா இதுங்க உங்களுக்கு முன்னாடியே வந்து தூக்கிட்டுப் போயிடும். அதோட மோதுன உடனே பறந்து போற பறவைங்க பல உள்காயத்துல வேற எங்கயோ போய் சாகும். அமெரிக்காவுல டேனியல் கிளெம்னு ஒரு பேராசிரியர் 1970கள்லேர்ந்து இதே விஷயத்த ஆராய்ச்சி பண்றார், மோதறதுல ரெண்டுல ஒண்ணாவது செத்துடும்னு அவர் சொல்றார். அதனால "பறந்து போயிடுச்சு, ஒண்ணும் இல்ல"ன்னு விடாதீங்க, அதையும் எழுதுங்க.

செத்த பறவைய ஷோகேஸ்ல வெக்கறதுக்கோ லேப்ல ஸ்பெசிமனா வெக்கறதுக்கோ எடுத்துக்காதீங்க. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கு, அனுமதி இல்லாம வெச்சுக்கறது தப்பு. போட்டோ எடுத்துட்டு, அபூர்வமானதுன்னா வனத்துறைக்கு சொல்லுங்க, அவங்க சொல்றபடி செய்யுங்க.

ஒரு குழப்பம் அடிக்கடி வரும். தேன்சிட்டு, சின்னான் இதெல்லாம் ஜன்னல்ல உக்காந்து டொக் டொக்குன்னு கொத்திக்கிட்டே இருக்கும், பைக் கண்ணாடிலயும் செய்யும். அது தன் உருவத்தையே எதிரின்னு நெனச்சு சண்டை போடறது, கூடு கட்டற காலத்துல வரும். அதுல பறவை களைச்சுப் போகும், சாகறது அபூர்வம். அதுக்கு அந்தக் கண்ணாடிய வெளிப்பக்கம் கொஞ்ச நாள் பேப்பர் ஒட்டி மறைச்சா போதும், இந்தக் கணக்குல சேக்காதீங்க.

மூணாவது: பறவை நிக்கற எடத்துலேர்ந்து பாருங்க

உள்ள நின்னு கண்ணாடியப் பாத்தா ஒண்ணும் புரியாது. வெளில மரத்தடிக்குப் போய் நின்னு, காலைல ஏழு மணி, மதியம், சாயங்காலம் நாலு மணின்னு மூணு தடவை பாருங்க. ஒரே கண்ணாடி மதியம் சாதாரணமா இருக்கும், காலைல பாத்தா மொத்தத் தோப்பும் அதுல இருக்கும். எங்க லைப்ரரி ஜன்னல் அப்படித்தான், எட்டு மணிக்கு முன்னாடி பாத்தா கண்ணாடியே இல்ல, ஒரு மூங்கில் சந்து உள்ள போற மாதிரி இருக்கு. நான் அங்க நின்னு பாத்தப்பதான் அந்தப் புறா எங்க போக நெனச்சுதுன்னு புரிஞ்சுது, தொண்டை அடைச்சிடுச்சு.

கண்ணாடி பக்கத்துல உள்ள தொட்டிச்செடி வெச்சிருந்தா உள்ள தள்ளி வைங்க. வெயில் காலத்துல பறவைக்குத் தண்ணி வெக்கறோம், நல்ல விஷயம், ஆனா அந்தக் கிண்ணம் கண்ணாடிலேர்ந்து மூணு நாலு மீட்டர்ல இருந்தா நாமளே ஆபத்த உண்டாக்கறோம், ஏன்னா அது பயந்து கெளம்பினா மோதறதுக்குள்ள முழு வேகம் வந்துடும். ஒரு மீட்டருக்குள்ள வைங்க, இல்லன்னா பத்து மீட்டருக்கு அப்பால வைங்க.

நாலாவது: புள்ளி

கண்ணாடி முழுக்க புள்ளி புள்ளியா ஸ்டிக்கர் ஒட்டறது, இதுதான் முக்கியமான வேலை. ரெண்டே விதி, ரெண்டையும் மீறக் கூடாது.

வெளிப்பக்கம் ஒட்டணும். நாங்க முதல் தடவை உள்பக்கம் ஒட்டுனோம், மழைல உரியாதுன்னு. மூணு நாள் பத்து பசங்க உக்காந்து ஒட்டுன வேலை. பிரதிபலிப்பு உண்டாகறது வெளிப்பரப்புல, அதனால உள்ள ஒட்டுன புள்ளிய வெளில தெரியற மரமும் வானமும் மூடிடுது. அடுத்த வாரமே அதே ஜன்னல்ல ஒரு குக்குறுவான் மோதி விழுந்துச்சு, ஒட்டுன பசங்கள்ல ஒரு பொண்ணுதான் அதப் பாத்தது, ரொம்ப அழுதுச்சு. தயவுசெஞ்சு வெளிலதான் ஒட்டுங்க.

அடுத்தது, புள்ளிக்குப் புள்ளி 5 சென்டிமீட்டர், மேலயும் கீழயும் அதே, பக்கவாட்டுலயும் அதே. அமெரிக்கன் பேர்ட் கன்சர்வன்சிங்கற பறவை பாதுகாப்பு அமைப்பு இந்த அளவத்தான் சொல்றாங்க. உள்ளங்கை அளவு சந்து இருந்தா கூட சின்னப் பறவை நுழைஞ்சு போகப் பாக்கும், காட்டுல கிளைக்கு நடுவுல அப்படித்தான பறக்குது. தேன்சிட்டு மாதிரி பொடிசுக்கு 5 சென்டிமீட்டர் இருந்தாத்தான் "இங்க வழி இல்ல"ன்னு படும். புள்ளி குறைஞ்சது 6 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும், கையால ஒட்டறதுக்கு 1 சென்டிமீட்டர் புள்ளி வசதி. புள்ளிக்கோலத்துக்கு நேர்ப்புள்ளி வெக்கற மாதிரி கண்ணாடி முழுக்க, ஓரம் வரைக்கும், நடுவுல காலி விடாம.

"வெளிச்சம் போயிடும், அசிங்கமா இருக்கும்"னு முதல் ஆளா யாராவது சொல்லுவாங்க. கணக்கு போட்டுக் காட்டுங்க: ஒரு சதுர மீட்டருக்கு 400 புள்ளி வரும், 1 சென்டிமீட்டர் புள்ளின்னா மொத்தமா கண்ணாடில நூத்துக்கு 3 பங்குதான் மறையும், 6 மில்லிமீட்டர்னா 1 பங்குதான். ரெண்டு நாள்ல உள்ள உக்காந்து படிக்கற யாருக்கும் அது கண்ணுலயே படாது.

வாங்கறதுக்கு ஃபெதர் ஃப்ரெண்ட்லின்னு வெளிநாட்டு டேப் இருக்கு, வரவழைச்சா செலவு அதிகம். நாங்க செஞ்சது, டவுன்ல வண்டிக்கு பேரு எழுதற ரேடியம் ஸ்டிக்கர் கடைக்குப் போனோம், வெள்ளை வினைல்ல மெஷின் கட்டிங் போட்டு, புள்ளி மட்டும் இடம் மாறாம தூக்கற டேப்போட ரோல் ரோலா குடுத்தார். வெளில தாங்கற வினைல்னு கேட்டு வாங்குங்க, மட்டமானது ஒரே வெயில்ல சுருங்கிடும். கலர் வெள்ளைதான் நல்லது, இருண்ட மர நிழல் மேல நல்லா எடுப்பா தெரியும்.

ஒட்டற முறை: முந்தின நாள் சோப்புத் தண்ணில கழுவுங்க, உப்புக்கறை இருந்தா வினிகர் போட்டு தேய்ங்க, நல்லா காயணும். வெயில் ஏறறதுக்கு முன்னாடி, கண்ணாடி சூடாகாம இருக்கும்போது ஒட்டுங்க. மேலேர்ந்து கீழ, துணி சுத்துன பிளாஸ்டிக் கார்டால அழுத்தித் தேச்சு, டேப்ப கண்ணாடிய ஒட்டியே மடிச்சு மெதுவா உரிங்க, நேரா இழுத்தா புள்ளியும் சேந்து வந்துடும். முதல் மாடிக்கு மேலன்னா நீங்களா ஏணி போட்டு ஏறாதீங்க, கயித்துல தொங்கி கண்ணாடி தொடைக்கற ஆளுங்க வருவாங்கல்ல, அவங்களோட ஒப்பந்தத்துலயே இதையும் சேக்கச் சொல்லுங்க.

இது வேலை செய்யுமான்னு கேட்டா, சிகாகோவுல மெக்கார்மிக் பிளேஸ்னு ஏரியோரம் ஒரு பெரிய மாநாட்டுக் கட்டடம், 2023 அக்டோபர் 5 அன்னிக்கு ஒரே நாள்ல கிட்டத்தட்ட ஆயிரம் பறவை அங்க மோதி செத்துச்சு. 2024ல மொத்தக் கண்ணாடிக்கும் புள்ளி ஃபிலிம் ஒட்டுனாங்க, அந்த வலசை சீசன்ல சாவு நூத்துக்கு 95 பங்கு வாக்குல குறைஞ்சுது. காலேஜ் உதாரணம் வேணும்னா அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டி: காட்டுக்கு நடுவுல இருக்கற வளாகம், மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் எண்ணி, இந்த இன்ஜினியரிங் கட்டடம்தான் மோசம்னு காட்டுனாங்க, 2015ல நிர்வாகம் அந்தக் கட்டடத்துக்கு மட்டும் புள்ளி ஒட்டுச்சு, அங்க மோதறது நல்லாவே குறைஞ்சுது. எங்க லைப்ரரி ஜன்னல்ல வெளில ஒட்டுனதுக்கப்பறம் அந்த மாவு அச்சு திரும்ப வரல.

புள்ளி ஒட்ட முடியலன்னா

கயிறு தொங்க விடலாம், நல்லாவே வேலை செய்யும். 3 மில்லிமீட்டர் நைலான் கயிறு, 10 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, மேல ஒரு கம்பில கட்டி கண்ணாடி அடி வரைக்கும் விடணும், அடியில கட்ட வேண்டாம், காத்துல ஆடட்டும். கண்ணாடிக்கு முன்னாடி அசையறதுனால 10 சென்டிமீட்டர் சந்து போதும். அமெரிக்காவுல அகோபியன்னு ஒரு பேர்ல இதையே விக்கறாங்க, நாம ஹார்டுவேர் கடைல கயிறு வாங்கி ஒரு மதியத்துல செஞ்சுடலாம். 3 மீட்டர் அகல கண்ணாடிக்கு 31 கயிறு. எங்க படிக்கட்டுக் கண்ணாடிக்கு இதுதான்.

புறா வலையும் ஒரு வழி. அபார்ட்மென்ட் பால்கனிக்கு போடறாங்களே அதே ஆளுங்க. ஆனா கண்ணாடிலேர்ந்து நாலஞ்சு விரல்கடை தள்ளி, தம்புரா கம்பி மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டணும், கண்ணி சின்னதா 2 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். தொய்வா கட்டுனா பறவை கால் மாட்டி அதுலயே தொங்கும், அது இன்னும் கொடுமை. நாளைக்கே வலசை ஆரம்பிக்குது, கைல காசு இல்லன்னா வெள்ளை போஸ்டர் பெயின்ட்டோ சோப்புக் கட்டியோ எடுத்து வெளிப்பக்கம் நெருக்கமா கோடு போடுங்க, மழை வர்ற வரைக்கும் காப்பாத்தும்.

வேலைக்கு ஆகாதது: பருந்து ஸ்டிக்கர் ஒண்ணு ரெண்டு ஒட்டறது. பறவை அத பருந்துன்னு பாக்கறதில்ல, ஒரு தடைன்னு நெனச்சு ஒதுங்கி பக்கத்துக் கண்ணாடில மோதும். உள்பக்க ஸ்க்ரீன் துணி போடறது பிரதிபலிப்புக்கு உதவாது. பளபளன்னு கூலிங் ஃபிலிம் ஒட்டறது ஜன்னல இன்னும் முகம் பாக்கற கண்ணாடி மாதிரி ஆக்கிடும், இது ரொம்ப காலேஜ்ல ஏசி பில்லுக்காக ஒட்டறாங்க, ஒட்டறதுக்கு முன்னாடி தடுத்துடுங்க. ஆந்தை பொம்மை, சத்தம் போடற மெஷின் எல்லாம் காசு வேஸ்ட்.

ராத்திரி லைட்டு

ஆறுமணிக்குருவி தெரியும்ல, காலைலயும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல கூப்பிடும், குட்டை வால், ரெக்கைல நீலம், அடிவயித்துல செவப்பு. வடக்க கூடு கட்டிட்டு செப்டம்பர் கடைசிலேர்ந்து நம்ம பக்கம் எறங்கும், இலங்கை வரைக்கும் போகும். அது ராத்திரில பறக்கற பறவை. பெரிய வெளிச்சம் ராத்திரில பறக்கற பறவைங்கள இழுத்து வழி தப்ப வைக்கும், விடியும்போது களைச்சுப்போய் கட்டடங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு கண்ணாடில அடிக்கும். ஒவ்வொரு அக்டோபர்லயும் வீட்டு பால்கனில, ஆபீஸ் வாசல்ல மயங்கிக் கெடந்த ஆறுமணிக்குருவி போட்டோவ யாராவது அனுப்பிக்கிட்டேதான் இருக்காங்க.

அதனால செப்டம்பர் கடைசிலேர்ந்து நவம்பர் முடிய, திரும்பிப் போற மார்ச் கடைசி, ஏப்ரல்லயும், ராத்திரி பத்துக்கு மேல காலி பிளாக்ல லைட்ட அணைக்கச் சொல்லுங்க, முக்கியமா கண்ணாடி படிக்கட்டு, மேல் மாடி, கட்டடத்துக்கு அடிக்கற அலங்கார ஃபோக்கஸ் லைட்டு. கரன்ட் பில்லும் குறையறதுனால இதுக்கு மட்டும் யாரும் மறுப்பு சொன்னதில்ல.

அடிபட்ட பறவை உயிரோட இருந்தா

துணியால மெல்ல மூடி எடுத்து, அடியில துணி விரிச்சு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில வெச்சு மூடுங்க. இருட்டு, அமைதி, நிழல், இது மூணும்தான் மருந்து. தண்ணி ஊத்தாதீங்க, வாய்ல சோறு திணிக்காதீங்க, மயங்குன பறவைக்கு மூச்சுக்குழாய்ல போயிடும். தெறந்து தெறந்து பாக்காதீங்க, செல்ஃபி வேண்டவே வேண்டாம், நம்ம மூஞ்சி அதுக்கு வேட்டை மிருகம். ஒரு மணி ரெண்டு மணி நேரம் கழிச்சு கண்ணாடி இல்லாத மரத்தடிக்கு எடுத்துட்டுப் போய் பெட்டிய தெறங்க, தானா போகும். ரெக்கை தொங்குது, நிக்க முடியல, ரத்தம் இருக்குன்னா உடனே வனத்துறைக்கோ பறவை பாக்கற கால்நடை மருத்துவருக்கோ போன் பண்ணுங்க.

நிர்வாகத்துகிட்ட எப்படி பேசறது

"எல்லாக் கண்ணாடியையும் மாத்துங்க"ன்னு போனா கதவு சாத்திடும். நாங்க மூணு வார கணக்கு, வரைபடத்துல செவப்புப் புள்ளி, அந்தப் புறாவோட அச்சு போட்டோ, ரெண்டே ரெண்டு கண்ணாடிக்கு கொட்டேஷன், இதோட போனோம். கூட அந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவையும் கூட்டிட்டுப் போனோம், அவங்க "தெனம் நாந்தானுங்க அள்றேன்"னு சொன்னதும் காலேஜ் கட்டடங்கள பாத்துக்கற எஸ்டேட் ஆபீஸர் பேனாவ எடுத்து கையெழுத்து போட்டார். அனுமதி ஒரு ஜன்னலுக்கு வந்தாலும் வாங்கிடுங்க, ஒட்டுனதுக்கப்பறமும் எண்ணி, குறைஞ்சத காட்டி அடுத்தது கேளுங்க.

புது பிளாக் கட்டப் போறாங்கன்னு தெரிஞ்சா டிசைன் நேரத்துலயே ஆர்க்கிடெக்ட பாருங்க. கண்ணாடிலயே புள்ளி அச்சடிச்சு சுட்டு வரும், வெளிப்பக்கம் ஜாலி சுவர் (ஓட்டை ஓட்டையா இருக்கற சுவர்), கம்பித் தடுப்பு வெக்கலாம், வெயிலும் தடுக்கும். நியூயார்க் நகரத்துல 2021லேர்ந்து புதுக் கட்டடத்துக்கு பறவை மோதாத கண்ணாடிதான் போடணும்னு சட்டமே இருக்கு, டொரன்டோவுலயும் விதி இருக்கு. பின்னாடி ஒட்டறதவிட முன்னாடியே செய்யறது மலிவு.

கடைசியா பராமரிப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆகஸ்ட் மாசம், ஒவ்வொரு கண்ணாடியா பாத்து உரிஞ்ச புள்ளி, அறுந்த கயிறு எல்லாம் எழுதி வைங்க. கண்ணாடி தொடைக்க வர்ற ஆளுங்ககிட்ட பிளேடால சொரண்டக் கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லணும், ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க, எங்களுக்கு ஒரு தடவை ஒரு வரிசையே போயிடுச்சு. அரை ரோல் புள்ளி எப்பவும் கைல இருக்கட்டும். செப்டம்பர் 20க்குள்ள எல்லாம் சரி பண்ணிடுங்க, அதுக்கப்பறம் ஆறுமணிக்குருவி வர ஆரம்பிச்சுடும்.